சந்தனம் பூசிய ஒட்டு

போன கிழமை உங்கள் பட்டறைகளை ஒரு சுற்று வந்து பார்த்தேன். பொறி பறக்கும்போது தானாகவே கறுத்துக்கொள்கிற கண்ணாடி, முழங்கை வரை தோல் கையுறை, இரும்பு முகப்பு வைத்த சப்பாத்து, புகையை இழுக்கச் சுவரிலே விசிறி. மெஷினில் எண்கள் பச்சை நிறத்தில் ஓடுகின்றன. நீங்கள் வெல்டர்களா, விமானம் ஓட்டுகிறவர்களா என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. என்னை ஒரு கதிரையில் இருத்தி, பால் விடாத பிளேன்ரீ தந்து, "ஐயா, உங்கடை அனுபவத்தை எங்களுக்கு எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் பிழை. இனி வாசித்துத்தான் தீர வேண்டும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இரும்புக்கு எந்தக் கம்பி, எவ்வளவு மின்சாரம் என்பதெல்லாம் இதில் இல்லை. அது பெட்டியிலே அச்சடித்துக் கிடக்கிறது; உங்களுக்கு வாசிக்கத் தெரியும். பெட்டியில் அச்சடிக்காத ஒன்றைத்தான் சொல்லப் போகிறேன். அதை நான் படித்து முடிப்பதற்கு ஒரு இரும்புக் கேற்றும் இரண்டு மூட்டை வெங்காயமும் செலவாயின. என் மனைவியின் தம்பியும் செலவாகியிருப்பான், மயிரிழையில் தப்பினான்.

நான் பிறவி வெல்டர் இல்லை. தபாற் கந்தோரில் தந்தி அடிக்கிற வேலை. நாள் முழுக்கக் கட்டுக்கட்டென்ற சத்தத்தைக் காதால் கேட்டு எழுத்தாக்குவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் மதில் சூழ்ந்த வீடு, முன்னால் இரும்புக் கேற். அந்தக் கேற்றின் மேல் பிணைச்சல் உடைந்து, ஒரு பக்கம் சாய்ந்து, நிலத்தை உழுதுகொண்டு திறந்தது. பட்டணத்துப் பட்டறைக்காரரைக் கேட்டால் கேற்றைக் கழற்றி வண்டிலில் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள், வைத்துவிட்டுப் போனால் இரண்டு கிழமையில் பார்க்கலாம் என்றார்கள். இரண்டு கிழமை கேற் இல்லாவிட்டால் என் முற்றம் ஊர் மாடுகளின் மாநாட்டு மண்டபமாகிவிடும்.

எழுபதுகளின் கடைசி அது. இறக்குமதிக் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்து, கொழும்புக் கடைகளில் வெளிநாட்டுச் சாமான்கள் கூரை முட்டக் குவிந்திருந்த நேரம். ஒரு கலியாண வீட்டுக்குக் கொழும்பு போன இடத்தில் ஒரு கடைவாசலில் அதைக் கண்டேன். பிஸ்கற் தகரம் அளவுதான் இருக்கும். தூக்கினால் அம்மிக்கல்லின் பாரம். சிவப்பு மை பூசி, ஒரு பிடி, ஒரு திருகி, இரண்டு வயர்.

"இது நல்ல மெஷினோ?" என்று கடைக்காரரைக் கேட்டேன்.

அவர் உள்ளே ஒரு மூலையைக் காட்டினார். "நல்ல மெஷின் அங்கே இருக்கு. இது மலிவான மெஷின்" என்றார்.

அந்த நேர்மை எனக்குப் பிடித்துவிட்டது. மலிவானதையே வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு, கொக்குவில் நிலையத்தில் இறங்கி, தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். என் மனைவி பரமேஸ்வரி அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாள்.

"உடைஞ்சது ஒரு பிணைச்சல். அதுக்கு உதோ?"

"இனிமேல் எது உடைஞ்சாலும் நான் ஒட்டுவன்."

"இனிமேல் எல்லாம் உடையும் எண்டு சொல்லுறியள்" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

முதல் மூன்று நாளும் நான் ஒட்டிய ஒரே பொருள் வெல்டிங் கம்பிதான். தொட்ட இடத்தில் அப்படியே பிடித்துக்கொண்டு, இழுத்தால் கேற்றும் சேர்ந்து வந்தது. பொறி பிறக்கும் ஒவ்வொரு தடவையும் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் பல்ப் மங்கிற்று. பக்கத்து வீட்டு றேடியோ வயிற்றுவலிக்காரனைப் போல முனகிற்று. மெஷினோடு தந்த கறுப்புக் கண்ணாடி முகத்தட்டைப் பிடித்தால் ஒன்றும் தெரியவில்லை என்று அதைக் கீழே வைத்துவிட்டு வேலை செய்தேன். மூன்றாம் நாள் பின்னேரம் கண்ணுக்குள் யாரோ ஒரு கைப்பிடி மணலைக் கொட்டித் தேய்ப்பது போல இருந்தது. இரண்டு நாள் கண்ணில் உருளைக்கிழங்குச் சீவலை வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். தாய்ப்பால் விட்டால் சுகம் என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னா. யாரிடம் கேட்பது என்று பரமேஸ்வரி திருப்பிக் கேட்ட தொனியில் அந்த வைத்தியம் அத்தோடு நின்றுபோயிற்று. நீங்கள் சிரிக்கலாம். தானாகக் கறுக்கிற கண்ணாடி போட்டவர்களுக்குச் சிரிப்பு வரும்தான்.

கண் சுகமாகி எழும்பின அன்று பிணைச்சல் ஒட்டிற்று. பார்க்க அவ்வளவு வடிவு. அலையலையாக, மினுமினுவென்று. போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். மறுநாள் எங்கள் கந்தோர் தபாற்காரர் தன் சைக்கிளைக் கேற்றில் சாய்த்தார். கேற், சைக்கிள், தபாற்பை, தபாற்காரர் என்று வரிசையாகக் கீழே போனார்கள். அவருக்கு முழங்கையில் உரசலோடு போயிற்று. எனக்கு மானம் போயிற்று. கந்தோரில் ஒரு மாதம் எல்லோரும் என் மேசையைத் தொட முன்னர் ஆட்டிப் பார்த்தார்கள்.

உடைந்த பிணைச்சலைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு குருநகருக்குச் சைக்கிள் மிதித்தேன். அங்கே வள்ளங்களுக்கு இரும்பு வேலை செய்கிற ஒருவரைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். நரைத்த மீசையும் கனத்த குரலுமாக ஒருவரை எதிர்பார்த்துப் போனேன். இருந்ததோ இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒருவன். சாரத்தை மடித்துக் கட்டி, மாதா படத்துக்குக் கீழே குந்தியிருந்து மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிணைச்சலை இடது கையில் வாங்கிப் பார்த்தான்.

"அண்ணை, இதென்ன பிட்டோ?"

"ஏன், பாக்க வடிவாத்தானே கிடக்கு?"

"வடிவைக் கடல் பாக்காது அண்ணை. இது உள்ளுக்கை போகேல்லை. மேலாலை அப்பியிருக்கிறியள். எங்கடை வள்ளத்துக்கு இப்பிடி ஒட்டினால் நாங்கள் நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டு நேரை மோட்சத்துக்குப் போய்ச் சேருவம்."

என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவன். ஆனால் அன்று அவன் சொன்ன இரண்டு விஷயங்களுக்கு மேலாக இந்தத் தொழிலில் எனக்கு எவரும் எதுவும் சொல்லித் தரவில்லை. கொதிக்கிற எண்ணெயில் வடையைப் போட்டால் ஒரே சீராக ஒரு சத்தம் வருமல்லவா, ஒட்டும்போது அந்தச் சத்தம் வர வேண்டும் என்றான். விட்டு விட்டுத் துப்பினால் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். மற்றது, ஒட்டி முடிந்ததும் சுத்தியலால் அடிக்க வேண்டும்.

"நோகாமல் தட்டுறேல்லை. கோவத்தோடை அடியுங்கோ. நீங்கள் அடிச்சு உடையாட்டித்தான் அது ஒட்டு."

பெயரைக் கேட்டேன். "பேர் என்னத்துக்கு? நாளைக்கு உடைஞ்சால் என்னைச் சொல்லுறதுக்கோ?" என்று சிரித்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

காதை நம்பித்தானே நான் சம்பளம் வாங்கினேன். அன்றிலிருந்து அந்த மலிவான மெஷின் என் கைக்குப் படிந்தது. வடைச் சத்தம் வந்தால் தொடருவேன், துப்பினால் நிறுத்துவேன். முடிந்ததும் கோபத்தோடு அடிப்பேன். யன்னல் கம்பி, சைக்கிள் தாங்கி, கட்டில் கால், தண்ணீர் இறைக்கிற மெஷின் கால் என்று ஊரில் உடைந்ததெல்லாம் சனி, ஞாயிறில் எங்கள் முற்றத்துக்கு வந்து சேர்ந்தது. எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிற்று. பரமேஸ்வரிக்கு அடிக்கிற சத்தத்தில் தலையிடிதான் வந்தது.

இப்போது சிவஞானத்தைச் சொல்ல வேண்டும். பரமேஸ்வரியின் ஒரே தம்பி. உரும்பிராயில் வெங்காயம் செய்கிறவன். நல்ல உழைப்பாளி, அதைவிட நல்ல பிடிவாதக்காரன். அவன் மனைவி பிள்ளைப்பேற்றில் பிழைப்பாளோ மாட்டாளோ என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தாயும் பிள்ளையும் தப்பினால் துலாக்காவடி எடுக்கிறேன் என்று அவன் நேர்ந்துவிட்டான். இரண்டு பேரும் தப்பினார்கள். துலாக்காவடி என்றால் உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். முதுகிலும் தொடையிலும் வளைந்த இரும்பு முள்ளுகளைக் கொளுவி, அவற்றில் கட்டிய கயிறுகளால் ஆளைத் துலா மரத்தின் நுனியில் தொங்கவிட்டு, வண்டியில் வைத்து ஊரைச் சுற்றி வருவார்கள். நானோ கந்தோரில் லீவு கேட்கவே பயப்படுகிறவன். இவன் ஆகாயத்தில் தொங்கப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னான்.

முந்திய வருஷங்களிலெல்லாம் மரத் துலாதான். மாட்டு வண்டிலில் வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுவார்கள். ஒரு நாளும் ஒன்றும் விழவில்லை. அந்த வருஷம் கோயில் மனேச்சருக்கு நாகரிகம் பிடித்துவிட்டது. இரும்புக் குழாயில் துலா, இரும்புத் தூண், இழுக்கப் பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின், துலாவின் நீளத்துக்குக் கலர் பல்ப். கோயிலின் பெயர் வேண்டாம். மனேச்சரின் பெயரும் வேண்டாம். அவருடைய பிள்ளைகள் நல்லவர்கள்.

காவடியன்று காலையில் துலாவைப் பூட்டிப் பார்க்கும்போது தூணின் தலையில் துலாவைத் தாங்குகிற தகடு வெடித்திருந்தது. பட்டறைகள் எல்லாம் பூட்டு. சிவஞானம்தான் சொல்லியிருக்கிறான், "என்ரை அத்தான் இருக்கிறார்" என்று. என்னையும் மெஷினையும் ஏற்றிப் போக லாண்ட்மாஸ்டர் வந்து நின்றது. அந்தத் தகட்டின் தடிப்பைக் கண்டவுடனேயே இது என் பிஸ்கற் தகரத்துக்குரிய வேலையில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நாலு பேர் சுற்றி நின்று, "ஐயா வந்திட்டார், இனிப் பயமில்லை" என்றார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் விலைபோனேன். வேறு சாட்டு எதுவும் இல்லை.

தூணை மதிலுக்குள்ளே, சுவாமி வாகனங்கள் வைக்கிற சாலையில் கிடத்தியிருந்தார்கள். மின்சாரமும் அங்கேதான். கோயிலுக்குள் என்றால் சேட் கழற்ற வேண்டும், கழற்றினேன். செருப்பு வெளியே. கையுறையை எடுத்தேன்.

"தம்பி, உது தோலெல்லே?" என்றார் மனேச்சர். "தோல் சாமானை உள்ளுக்கை கொண்டு வரக் கூடாது."

ஆக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் மேலோடும் வெறுங் கையோடும் வெறுங் காலோடும் வெல்டிங் செய்த ஒரே ஆள் இந்தத் தீபகற்பத்தில் நானாகத்தான் இருப்பேன். பொறி காலில் விழும்போதெல்லாம் துள்ளினேன். மேளத்துக்கு ஆடுகிறேன் என்று சிலர் நினைத்தார்கள். ஒருவர் பக்தியோடு கையெடுத்தும் கும்பிட்டார்.

ஆட்டம் பெரிய காரியமில்லை. கலர் பல்ப், ஒலிபெருக்கி, மடப்பள்ளி வெளிச்சம் எல்லாம் அந்த ஒரே லைனில் கிடந்தன. பல்புகள் ஏற்கனவே பழுத்த இலைபோல மஞ்சளாக எரிந்தன. "ஐயா, கொஞ்ச நேரம் உந்த பல்புகளையும் லவுட்ஸ்பீக்கரையும் நிப்பாட்டச் சொல்லுங்கோ. மெஷினுக்குக் கரண்ட் காணாது" என்றேன்.

"திருவிழா நாளிலை வெளிச்சத்தை அணைக்கச் சொல்லுறீரோ? அபசகுனமாய்க் கதையாதையும். ராகுகாலம் துடங்கமுன்னம் முடியும்."

கம்பி இரண்டு தடவை ஒட்டிக்கொண்டது. மூன்றாம் தடவை பிடித்தது. தலைக்கு மேலே ஒலிபெருக்கி, பக்கத்தில் தவிலும் நாதஸ்வரமும். வடைச் சத்தம் வந்ததா, துப்பிற்றா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு காலமும் எந்தக் காதை நம்பி வேலை செய்தேனோ அந்தக் காது இல்லாமல் ஒட்டினேன். முடிந்ததும் ஒட்டின் மேல் படிந்த கருங்கசட்டைக் கொத்திப் பார்க்கச் சுத்தியலை எடுத்தேன். அதற்குள் ஐயர் வந்துவிட்டார். பார்க்க வடிவாய் இருக்கிறது என்று நான் சொன்னதோடு, நேரம் போகிறது என்று மனேச்சர் என்னை ஒதுக்கினார். ஐயர் தூணுக்குத் தண்ணீர் தெளித்து, மந்திரம் சொல்லி, ஒட்டின் மேலேயே ஒரு கை சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தார். பிறகென்ன, அது சுவாமியின் சாமான். அதிலே சுத்தியல் படக் கூடாது.

வேட்டி முழுக்கப் பொறி பட்ட ஓட்டைகள். மாற்றிக்கொண்டு வரலாம் என்று மெஷினை அங்கேயே விட்டுவிட்டு, ஒருவரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நெஞ்சும் கையும் செத்தல் மிளகாய் நிறத்தில் எரிந்தன. கிணற்றடியில் தண்ணீர் வார்த்துக்கொண்டு நின்றபோது பரமேஸ்வரி வந்தாள். கோயிலுக்குப் போகச் சீலை உடுத்து ஆயத்தமாகியிருந்தாள்.

"வேலை முடிஞ்சுதோ?"

"ஓம். நல்ல வடிவாய் வந்திருக்கு."

"அடிச்சுப் பாத்தனீங்களோ?"

"கோயில் சாமானை எப்பிடியப்பா அடிக்கிறது?"

அவள் சத்தம் போடவில்லை. "எங்கடை கேற்றை நீங்கள் அடிச்ச அடியிலை எனக்கு ரெண்டு நாள் தலையிடி. என்ரை தம்பி கேற்றிலும் குறைஞ்சவனோ?" என்றாள்.

வாளியைப் போட்டேன். ஈர வேட்டியோடு சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். திருநெல்வேலிச் சந்தையடியில் பலாலி றோட்டைக் கடக்கும்போது ஒரு பஸ் சாரதி என் பிறப்பைப் பற்றி விரிவாக ஒரு கருத்துச் சொன்னார். நின்று கேட்க நேரமில்லை. அந்த மூன்று மைலும் எனக்கு உண்மையான பயம் இருந்தது. அவன் விழுவதை மட்டுமல்ல, விழுந்த பிறகு பரமேஸ்வரி என்னைப் பார்க்கப் போகிற பார்வையையும் நினைத்துப் பயந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது சிவஞானத்தின் முதுகில் முள்ளுகள் ஏறிவிட்டன. தூண் லாண்ட்மாஸ்டர் பெட்டியில் நிமிர்ந்து நின்றது. துலா பூட்டியாயிற்று. கயிறுகளைத் துலாவில் கட்டுவதுதான் பாக்கி. நான் பெட்டி விளிம்பில் ஏறி, தூணின் தலையில் இருந்த ஒட்டைப் பார்த்தேன். சந்தனம் பூசினபடியே வழுவழு என்று இருந்தது. சரியாக ஒட்டின தடிப்பிரும்பு அரைமணித்தியாலம் கை வைக்க விடாது. அதிலே பூசிய சந்தனம் அந்த இடத்திலேயே காய்ந்து வெடித்து உதிர்ந்திருக்க வேண்டும். இதிலே ஒரு வெடிப்பும் இல்லை. ஐயரும் கையைச் சுடாமல் ஆற அமரத் தடவியதை அப்போதுதான் நினைத்தேன். சூடு உள்ளே போகவேயில்லை. நான் மேலாலை அப்பியிருக்கிறேன்.

பெருவிரலால் சந்தனத்தை வழித்தேன். கூட்டத்தில் ஒரு சலசலப்பு.

"என்ன செய்யிறீர்?" என்று மனேச்சர் என் கையைப் பிடித்தார்.

"ஐயா, ஒட்டு பிழை. ஆளை ஏத்தாதையுங்கோ."

"காலமை வடிவாய் இருக்கெண்டு நீர்தானே சொன்னீர்?"

"ஓம். காலமை சொன்னதும் பிழை."

"முள்ளுக் குத்தினபிறகு காவடியை மறிக்கிறீரோ? சாமி குத்தம் வரும்."

சுத்தியலை எடுத்தேன், பறித்துவிட்டார்கள். "சரி, அடிக்கேல்லை" என்றேன். "பாரம் ஏத்தத்தானே இதைச் செய்தது? பாரம் ஏத்தினால் குத்தமில்லைத்தானே? ஐயா, நீங்களே ஒருக்கால் உதிலை தொங்கிப் பாருங்கோ. நீங்கள் தொங்கி ஒண்டும் நடக்காட்டி நான் பேசாமல் போறன்."

மனேச்சருக்கு இடுப்பில் வருத்தம் என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிய வந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு முழங்கால் சரியில்லை. மற்றவருக்கு இரத்த அழுத்தம். அந்தக் கோயில் நிர்வாகத்தில் இத்தனை நோயாளிகள் இருப்பது அன்றுவரை ஊருக்குத் தெரியாது. கூட்டத்தில் சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சிரிப்புத்தான் எனக்குக் கிடைத்த ஒரே துணை.

அன்னதானத்துக்கென்று சிவஞானம் கொடுத்த வெங்காய மூட்டைகள் மடத்து வாசலில் கிடந்தன. இரண்டு மூட்டை அவனுடைய நிறைக்குக் கிட்ட வரும். அவற்றைத் துலா நுனியில் கட்டித் தூக்கினோம். துலா மேலே போயிற்று. மூட்டைகள் ஆடின. ஒன்றும் நடக்கவில்லை. கூட்டம் 'அரோகரா' என்று கூவிற்று. மனேச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு புழு.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக வாசியுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மூட்டைகள் விழாமல் நின்றதைக் கண்டதும் எனக்குச் சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் ஒட்டு நிற்கிறது என்ற சந்தோஷம். சரி, ஏற்றுங்கோ என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஊர் முழுக்க அதைத்தான் கேட்டு நின்றது. சொல்லியிருந்தால் மனேச்சரே எனக்கு மாலை போட்டிருப்பார். கேற்றும் ஒரு நாள் நின்றதுதானே, தபாற்காரர் சாய்கிற வரைக்கும். அந்த நினைப்பு வந்ததால் தப்பினேன்.

"லாண்ட்மாஸ்டரை ஓட்டுங்கோ" என்றேன். "மூட்டையோடை அந்த றோட்டு மதகைத் தாண்டிப் போகட்டும்."

மனேச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு சாரதிக்குக் கை காட்டினார். தன் வெற்றியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று பெட்டிக்குக் கிட்டவாகவே நடந்து வந்தார். முன்சில்லு மதகில் ஏறி இறங்கிற்று. ஒன்றும் இல்லை. பெட்டிச் சில்லு ஏறிக் குதித்தது. டக்கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, தந்தியில் ஒரு புள்ளி விழுகிற அளவுதான். தகடு கழன்று, துலா சரிந்து, மூட்டை இரண்டும் கல்மதகில் விழுந்து வெடித்தன. வெங்காயம் றோட்டெல்லாம் ஓடிற்று. ஒரு மூட்டை விழும்போதே வாய் அவிழ்ந்து மனேச்சரின் தலையிலும் தோளிலும் கொட்டிற்று. ஒரு வெங்காயம் அவருடைய சால்வை மடிப்பில் போய்த் தங்கிற்று.

மேளம் நின்றுவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கல்லில் நசிந்து கிடந்த வெங்காயத்தைப் பார்த்தார்கள். பிறகு சிவஞானத்தைப் பார்த்தார்கள். நான் அந்த மதகிலேயே குந்திவிட்டேன்.

"இது என்ரை பிழை" என்றேன். "கரண்ட் காணாது, சத்தம் கேக்கேல்லை, நேரம் இல்லை. எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் ஒட்டினனான்."

முதுகில் முள்ளோடு நின்ற சிவஞானம் மெல்ல என்னிடம் வந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன்.

"அத்தான், நேர்த்தியை இடையிலை விடேலாது. நான் நடந்து போறன். ஆரும் பின்னாலை கயிறு பிடிக்க வேணும்." பிறகு சொன்னான், "நீங்களே பிடியுங்கோ."

"நானோ? என்ரை கையாலை நடந்த வேலையைப் பாத்தபிறகுமோ?"

"பாத்தபடியால்தான்."

பின்னால் நின்று கயிறு பிடிப்பது லேசான காரியமில்லை. இழுத்தால் அவனுக்கு உயிர் போகும். தளர்த்தினால் முள்ளுத் தொங்கிச் சதையைக் கிழிக்கும். அவன் ஆடுகிறான், முன்னே பாய்கிறான், திடீரென்று நிற்கிறான். கயிறுகளை அவனோடு சேர்த்து ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். வெல்டிங் கம்பியை இரும்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோமோ, கிட்டப் போனால் ஒட்டும், எட்டப் போனால் அணையும், அதே வேலைதான். பொறி சுட்ட உள்ளங்கையில் கயிறு அறுத்தது. பொறி வெளிச்சத்தில் எரிந்த உடம்பை வெயில் இன்னொரு தரம் எரித்தது. தார் றோட்டில் இரண்டு மைல். ஒரு மதிலோரத்தில் பரமேஸ்வரியைக் கண்டேன். பஸ்ஸில் வந்து இறங்கி, நடந்ததைக் கேள்விப்பட்டு நின்றாள். தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு, கோயில் வாசல்வரைக்கும் பக்கத்தில் நடந்து வந்தாள்.

முள்ளுகளைக் கழற்றித் திருநீறு அப்பிய பிறகு சிவஞானம் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஒட்டுத்தான் சரியில்லை அத்தான். கை நல்ல கை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த வருஷம் தபாற் கந்தோரை விட்டுவிட்டுப் பட்டறை தொடங்கினேன். நல்ல மெஷின் வாங்கினேன், மலிவானதையும் விற்கவில்லை. அது ஒரு நாளும் பொய் சொல்லவில்லை, கடைக்காரரைப் போலவே. பொய் சொன்னது நான்தான். 'இது என்னால் ஏலாது' என்று பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனார்கள். போகட்டும். மனேச்சர் மட்டும் சாகும்வரைக்கும் என் பட்டறைக்குத்தான் வந்தார். ஒவ்வொரு தடவையும் சுத்தியலைத் தானே கேட்டு வாங்கி அடித்துப் பார்ப்பார்.

கழன்ற தகட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். என் பட்டறைச் சுவரில் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்தேன். அதில் ஒரு பக்கம் என் விரல் வழித்த தடமும், மற்றப் பக்கம் காய்ந்த சந்தனமும் கிடந்தன. அந்தப் பட்டறையை இப்போது நடத்துகிற உங்களுக்கு அதன் கதை தெரியாது. போன கிழமை வந்தபோது கண்டேன், யாரோ அதற்கு ஒரு செவ்வரத்தம்பூ வைத்திருந்தீர்கள். ஏதோ சுவாமி சாமான் என்று நினைத்திருக்கிறீர்கள். நான் அந்தப் பூவை எடுக்காமல் விட்டேன். என் கையால் ஒட்டியவற்றில் கும்பிடத்தக்கது ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்; ஆள் ஏற முன்னர் உடைந்தது.

பூ வையுங்கள். சந்தனம் மட்டும் பூச வேண்டாம்.